காக்கைகள் என் பக்கம்

அந்தக் கல்லில் உட்காராதீர்கள். அதற்கு அடியில் அரணை குடியிருக்கிறது. இந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சருகு சத்தம் போடத்தான் செய்யும், அதற்காகக் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். பாம்பு இருந்தாலும் சாரைதான். உங்களைப் பார்த்தால் அதுவே ஓடிவிடும்.

பறவை நண்பர்கள் சங்கத்திலிருந்து வருகிறேன் என்றீர்கள். சந்தோஷம். என் பெயரை உங்களிடம் யார் கொடுத்தது என்று கேட்டேன், சிரித்தீர்கள். பரவாயில்லை, போகும்போது சொல்லுங்கள். வீட்டுத் தோட்டத்தில் பறவைக்கும் பூச்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது, அதுதானே கேள்வி? இயற்கை மேல் உள்ள அன்பு என்று எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். எழுதாதீர்கள். ஆத்திரம் என்று எழுதுங்கள்.

ஆமாம், ஆத்திரம்தான். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே, அவள் மேல்.

மதிலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. மச்சாண்டார் பெயர் கலியமூர்த்தி. பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் யாரைப் பார்த்தாலும் கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார். அவர் மனைவி சௌந்தரவல்லி, என் ஓரகத்தி. ஒரே மனையை அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்துக் கட்டின வீடுகள். அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். ஒரு புல் இருக்கிறதா? எல்லாம் டைல்ஸ். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி.

எங்கள் மாமியார் வழுக்கி விழுந்தது என் வீட்டு பாத்ரூமில். அதனால் படுத்ததும் என் வீட்டில். ஏழு வருஷம். ஒரு கைதான் வரும், மற்றபடி எல்லாம் கட்டிலோடு. என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்'. தமயந்தி என்று எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள் எனக்கு. 'ஏய்'தான். கஞ்சியை இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். ஒரு திப்பி நாக்கில் பட்டால் துப்பிவிடுவார், நேராக என் புடவை மேல். கை வராது, கால் வராது, துப்புவதில் மட்டும் குறி தப்பாது. பதினோரு மணி தாண்டினால் 'ஏய், ஏய்' என்று தெருமுனை ஆட்டோ ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கும். நான் மட்டும் சும்மா இருப்பேனா? 'வரேன், பறக்காதீங்க' என்று இங்கிருந்து கத்துவேன். அப்படித்தான் ஓடியது. அன்பு கின்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கடமை. கான்வென்ட்டில் படித்தவள் நான். தொட்ட வேலையைச் சுத்தமாக முடிக்க வேண்டும் என்று சிஸ்டர் பெனடிக்டா விரல் முட்டியில் ஸ்கேலால் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். மன்னிப்பைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார். அதில் நான் பார்டர் மார்க்.

அத்தைக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். உப்பு கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். வெள்ளி, அமாவாசை போக மற்ற நாளில் ஒரே ஒரு நெத்திலியைச் சுட்டு, பொடியாக நசுக்கி, கஞ்சிக்கு அடியில் வைத்துவிடுவேன். அது கடமையில் சேராது. வாயை அடைக்கத்தான்.

இனிமேல் நாள் கணக்குதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு மச்சாண்டார் நாலு ஆளோடு வந்து நின்றார். "அம்மா மூத்தவன் வீட்லேருந்துதான் போகணும். அதான் முறை" என்றார். ஏழு வருஷமாக அந்த முறை எங்கே போயிருந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் திருஞானம் என் கையைப் பிடித்து அழுத்தினார். இந்த மனுஷர் என் கையைப் பிடித்து அழுத்தியே வாழ்க்கையைத் தள்ளிவிட்டார். கட்டிலோடு தூக்கினார்கள். அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். பாசமில்லை. அந்தக் கை எது அகப்பட்டாலும் பிடித்துக்கொள்ளும், கட்டில் கம்பி, டம்ளர், எதுவானாலும். சௌந்தரவல்லி வந்து விரல் விரலாகப் பிரித்துவிட்டாள்.

அப்புறம் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? "தூங்கறாங்க" என்று வாசலிலேயே சொன்னாள். மறுநாள் போனேன், தூங்கறாங்க. அதற்கு மறுநாளும் தூங்கறாங்க. அத்தை பகலில் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. கூப்பிடாத வீட்டு வாசலில் எத்தனை தடவை நிற்பது? போவதை நிறுத்திவிட்டேன். அத்தையும் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்றைக்கு உறவு ஜனம் மொத்தமும் அந்த வீட்டு ஹாலில். "சௌந்தரவல்லி பூ மாதிரி வெச்சுப் பார்த்துக்கிட்டா" என்கிறாள் ஒருத்தி. "மூத்த மருமகன்னா இப்படி இருக்கணும்" என்கிறாள் இன்னொருத்தி. என் முதுகு வளைந்தது அந்தக் கட்டிலில் குனிந்து குனிந்து. நான் அடுப்படி வாசலில் நிற்கிறேன், காபி டம்ளர் தட்டோடு. சௌந்தரவல்லி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள், அடக்கமாக, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. அந்தக் குனிவை நான் மறக்கவே இல்லை.

முதல் வருஷத் திதி வந்தது. அப்போது அவர்கள் கொல்லையில் பெரிய வேப்பமரம் இருந்தது, மரம் நிறையக் காக்கைகள். மொட்டை மாடிச் சுவரில் இலையை வைத்துக் கையை எடுப்பதற்குள் நாலைந்து இறங்கிவிட்டன. "பாத்தியா தமயந்தி, வெச்ச கையை எடுக்கல, அத்தை வந்துட்டாங்க" என்கிறாள் சௌந்தரவல்லி. பின்னாலிருந்து ஒரு குரல், "வராம? அப்படில்ல பார்த்துக்கிட்டா."

அங்கேயே முடிவு செய்தேன். இந்தக் காக்கைகளை இந்த வீட்டிலிருந்து பிரிக்க வேண்டும். விரல் விரலாக.

நான் கஷ்டப்படவே தேவையிருக்கவில்லை. மச்சாண்டாரே உதவி செய்தார். புதுக் கார் வாங்கினார், அதன் மேல் காக்கை எச்சம் போட்டது, வேப்பமரத்தை வெட்டிவிட்டார். வெட்டின அன்றைக்குக் காக்கைகள் கத்தின கத்தலில் தெருவில் ஒருவரும் மத்தியானம் படுக்கவில்லை. சாயந்தரம் எல்லாம் கூட்டமாக வந்து என் மாமரத்தில் உட்கார்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். வாருங்கள், உங்களுக்கும் அந்த வீட்டில் இடமில்லையா, வாருங்கள் என்றேன்.

முதலில் அதோ அந்த ஆட்டுக்கல். அத்தை சீராகக் கொண்டுவந்தது. கிரைண்டர் வந்த பிறகு கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி, குழியில் தண்ணீர் ஊற்றினேன். குளிக்கவும் குடிக்கவும் அதுவே போதும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுப்புழு. பிறகு கொல்லையைப் பெருக்குவதை நிறுத்தினேன். எறும்புப் பொடியை நிறுத்தினேன். புல் செதுக்க வருகிற ஆளை நிறுத்தினேன். பட்டுப்போன முருங்கையை வெட்டாமல் விட்டேன். கறிவேப்பிலையைக் கிள்ளாமல் பழுக்க விட்டேன். மதில் ஓரமாகப் பூவரசங்கொம்பு நட்டேன். எருக்கஞ்செடி தானாக முளைத்தது, வீட்டில் இருக்கக் கூடாது என்றார் என் வீட்டுக்காரர். இருக்கும் என்றேன். அவர் என் கையைத் தேடினார், பின்னால் கட்டிக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் உங்களுக்கு வேண்டியது. தோட்டத்துக்கு உயிர் வர வேண்டுமென்றால் நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆனால் அக்கம்பக்கம் பார்க்கிற பார்வையில் சும்மா இருப்பதற்குத்தான் திடம் வேண்டும். எனக்குத் திடம் இருந்தது. தினம் காலையில் மதிலைப் பார்த்தால் போதும், வந்துவிடும்.

நான் கூப்பிட்டது காக்கையை மட்டும். மற்றதெல்லாம் அழையாமல் வந்தது. எருக்குக்குப் பட்டாம்பூச்சி வந்தது. பட்ட முருங்கையில் குக்குறுவான் பொந்து போட்டது. கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவி. அதோ, சருகைப் புரட்டிக்கொண்டு கூட்டமாகப் போகிறதே, தவிட்டுக்குருவி. ஓயாத பேச்சு, என் நாத்தனார்கள் நாலு பேரும் சேர்ந்து வந்த மாதிரி. கீரி ஒன்று குடும்பத்தோடு இருக்கிறது. அணில்கள் அந்தப் பக்கம் போய் சௌந்தரவல்லி காயவைத்த வடகத்தைத் தின்றுவிட்டு இந்தப் பக்கம் வந்து வாயைத் துடைத்துக்கொள்ளும். ஒரு நாள் சாரை உரித்த சட்டை காற்றில் பறந்து அவள் டைல்ஸில் போய் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

"என்ன தமயந்தி, கொல்லையை இப்படிக் குப்பைமேடா போட்டு வெச்சிருக்கே. பாம்பு வரப்போவுது" என்றாள் மதிலுக்கு மேல்.

"வந்தா உங்க பக்கம் அனுப்பறேன்க்கா. டைல்ஸ்ல சுகமா படுக்கும்."

நகராட்சிக்கு மனுக் கொடுத்தாள். ஒருவர் வந்து பார்த்தார், தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று குனிந்து தேடினார், இல்லை, மோர் குடித்தார், போய்விட்டார்.

ஒரு வருஷம் குயில் வந்து காக்கைக் கூட்டில் முட்டை போட்டுவிட்டது. இந்தக் காக்கை இருக்கிறதே, அதுவும் என்னைப் போல ஒரு மக்கு. தன்னைவிடப் பெரிய வாயாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குஞ்சுக்கு வெயிலில் அலைந்து அலைந்து ஊட்டியது. ஒரு நாள் அது குக்கூ என்று சொல்லிப் பறந்துபோய்விட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காக்கை அந்தக் கூட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "அழு" என்றேன். "அழுது தொலை" என்றேன். அது அழவில்லை. நானும்தான்.

இரண்டாவது திதியைப் போகட்டும் என்று விட்டேன். என் பிடி இன்னும் இறுகவில்லை. இரண்டு காக்கை அந்தப் பக்கம் போய் எடுத்துவிட்டன. போன வருஷம்தான் என் வருஷம்.

அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. வீட்டுக்காரரை மட்டும் அனுப்பினேன். விடிந்ததிலிருந்து காக்கைகளுக்கு விருந்து. நெத்திலிக் கருவாடு. ஆமாம், திதி நாளில். சங்கத்துக்கு இதை எழுத வேண்டாம். ஆட்டுக்கல் பக்கத்தில் கொட்டினேன், தின்றன. மறுபடி கொட்டினேன், தின்றன. கடைசியில் தின்ன முடியாமல் மாவடியில் புதைத்து வைத்துச் சருகு போட்டு மூடின. மரக்கிளையில் அலகைத் தீட்டிக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. நான் இதே நாற்காலியில்.

மாடியில் இலை வைத்துவிட்டார்கள். "கா... கா..." அது மச்சாண்டார் குரல். மேனேஜர் குரலில் காக்கையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? என் காக்கைகள் தலையைத் திருப்பிப் பார்த்தன, அசையவில்லை. பிறகு சௌந்தரவல்லி கூப்பிட்டாள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர் கை தட்டினார். காக்கை எடுக்காமல் யாரும் இலையில் உட்கார முடியாது. வெயில் உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒளித்து வாழைப்பழம் கொடுக்கிறார்கள், இங்கிருந்து எல்லாம் கேட்கிறது.

அப்போது வந்தது, நான் காத்திருந்த வார்த்தை. மச்சாண்டாரின் சித்தி, வயதானவர், நன்றாகக் கேட்கும்படி சொன்னார். "அவளுக்கு ஏதோ மனக்குறை இருக்குடா இந்த வீட்ல."

யாரும் பதில் பேசவில்லை. எனக்கு அந்த நிசப்தம் ஐஸ்கிரீம் மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தமயந்தி, காக்கா எல்லாம் நம்ம வீட்லதான் இருக்கு."

"இருக்கட்டுமே. அதுங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"அண்ணனுக்குக் கை நடுங்குது. காலையில மாத்திரை போட்டிருக்காரு, சுகர் இறங்குது."

"சாப்பிடச் சொல்லுங்க."

"காக்கா எடுக்காம எப்படி?"

"ஒரு வாய் சீனியாவது போட்டுக்கச் சொல்லுங்க. படிச்சவர்தானே."

"மாட்டேங்கறாரு. அம்மா சாப்பிடாம எனக்கு என்ன வேண்டியிருக்குன்னு அழறாருடி."

மச்சாண்டார் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நினையுங்கள்.

அதற்குள் கேட் சத்தம். சௌந்தரவல்லி. கையில் இலை, இலையில் சோறு, பருப்பு, வடை, பாயசம். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சருகில் நடந்து வருகிறாள். குப்பைமேடு என்றாளே, அந்தக் குப்பைமேட்டில். மாடிச் சுவரில் வரிசையாக உறவுத் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

"இங்க வெச்சுக்கட்டுமா?" என்றாள்.

"வைங்க. ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டு வைங்க. ஏழு வருஷம் அத்தையை யார் பார்த்தாங்கன்னு, மேல நிக்கிறாங்களே, அவங்க காதுல விழறாப்பல சொல்லிட்டு வைங்க."

அவள் நின்றாள். முகம் வேர்த்திருந்தது. மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, என் காதருகில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க வீட்ல அவங்க ஒரு வாய்கூட வாங்கலடி. நான் ஊட்டப் போனா வாயை இறுக்கி மூடிக்குவாங்க. கடைசி வரைக்கும். 'அவளைக் கூப்பிடு'ன்னாங்க. எவளைங்க அத்தைன்னேன். 'அவதான், ஏய்'னாங்க."

மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி என் காதுக்கு வந்தாள்.

"கூப்பிடறேன்னு இவர்கிட்ட சொன்னேன். தம்பி பொண்டாட்டி வந்து ஊட்டினாத்தான் சாப்பிடறாங்கன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னாரு. நானும் விட்டுட்டேன். கருமாதி அன்னிக்கி எல்லாரும் என்னைப் புகழறாங்க, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வேற என்ன செய்ய?" மாமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கும் பாரு, வாயை மூடிக்கிட்டாங்க."

கவனியுங்கள். ஊருக்குச் சொன்னது சத்தமாக, எனக்குச் சொன்னது காதோடு. நான் கேட்டது இதுவா? ஏழு வருஷம் என்று ஒரு வார்த்தை மேலே கேட்கும்படி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இதைக் கொண்டுவந்து என் தலையில் இறக்குகிறாள். நடுவில் ஒரு மதில். நான் மாடியில் துணி உலர்த்தினால் அத்தை படுத்திருந்த அறை ஜன்னல் தெரியும். அங்கே ஒருத்தி வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள், இங்கே நான் வீம்பாகத் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன். இதற்கு நான் யாரைப் போய் அடிப்பது?

இலையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஆட்டுக்கல் மேல் வைத்தேன். "கா" என்றேன். என் வாழ்க்கையில் அதுவரை கூப்பிட்டதில்லை. கான்வென்ட்டில் படித்தவள், மாமியார் காக்கையாக வருவார் என்று நான் நம்புவேனா? கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிடக்கின்றன. ஏன் வரவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மாடியில் யாரோ "கலியமூர்த்தியைப் பிடிங்க, பிடிங்க" என்கிறார்கள்.

இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தில் ஒரே ஒரு நெத்திலி மிச்சம் இருந்தது. சுட்ட நெத்திலி. எடுத்தேன். நசுக்கினேன். சோற்றுக்கு அடியில் வைத்தேன், பழகின கைதானே. திதிப் படையலில் கருவாடு. சௌந்தரவல்லி பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளிக்கிழமை வெங்காயம் சேர்க்காதவள். முந்தானையை விரித்துக்கொண்டு மாடிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள், மறைப்பாக.

மாமரத்திலிருந்து ஒன்று இறங்கியது. கிழடு. கழுத்தில் சாம்பல் நிறம் தேய்ந்து, ஒரு கால் ஊனம். நொண்டிக்கொண்டு வந்து சோற்றைத் தள்ளியது. பருப்பைத் தள்ளியது. அடியில் கிண்டி அதை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. ஏன் இவ்வளவு நேரம் என்பதுபோல.

மேலே கும்பிடு, அழுகை. அங்கேயே மச்சாண்டார் வாயில் பாயசத்தை ஊற்றினார்கள். சித்தி சொன்னார், "பெரிய மருமக கையால ஆக்கின சோத்தை, எங்க இருந்தாலும் தேடிவந்து எடுத்துட்டா பாரு." கேட்டீர்களா? மறுபடியும் அவளுக்கு. சௌந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அதே குனிவு. இந்தத் தடவை அது எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மன்னித்துவிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? யார் சொன்னது? அந்தப் பூவரசங்கொம்பு இப்போது எங்கே போகிறது பாருங்கள், நேராக மதிலுக்கு மேல். வெட்ட மாட்டேன். அது காரின் மேல் நிழலும் போடும், எச்சமும் போடும். வாரத்துக்கு ஒரு தடவை சௌந்தரவல்லி மதிலுக்கு மேல் ஒரு பொட்டலம் நீட்டுகிறாள், நெத்திலி. நல்ல நெத்திலியாகத்தான் பார்த்து வாங்குகிறாள், மண் இல்லாமல். வாங்கிக்கொள்கிறேன். பேசுவதில்லை. லஞ்சம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், தீர்ப்பை மாற்றக் கூடாது.

சரி, இப்போதாவது சொல்லுங்கள், என் பெயரை உங்களிடம் யார் கொடுத்தது?

அவளா? மனுக் கொடுத்தவளா? என்ன எழுதியிருந்தாள்? 'என் ஓரகத்தி ஏழு வருஷம் எங்கள் மாமியாரைப் பார்த்துக்கொண்டவர், அதே கையால் இந்தத் தோட்டத்தையும்'... எழுத்திலா? உங்கள் சங்கத்துக்கா? உறவு ஜனத்தில் ஒருத்தர் காதில் போடத் துப்பில்லை, முன்பின் தெரியாத பறவைக்காரர்களுக்கு எழுதுகிறாள். படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவீர்களா? போடுங்கள். அந்த வரியையும் சேர்த்துப் போடுங்கள். அச்சில். சித்திக்கு ஒரு பிரதி நானே தபாலில் அனுப்புகிறேன்.

இருங்கள், மணி என்ன? பதினொன்று ஆகிவிட்டதா? அதோ, கத்துகிறது பாருங்கள், நொண்டி. இதற்கு மேல் ஒரு நிமிஷம் பொறுக்காது, ஆட்டோ ஸ்டாண்ட் வரை கேட்கும். வரேன், பறக்காதீங்க. உங்களை இல்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டு வருகிறேன், அதுவரை நீங்கள் கேமராவை எடுக்காதீர்கள், வேறு முகத்தைப் பார்த்தால் சாப்பிடாது. என் கையால் வைத்தால்தான்.

ஆமாம், வடிகட்டிதான். கஞ்சிக்கு. இரண்டு தடவை. அதற்கு ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? திப்பி இருந்தால் துப்பிவிடும்.